இருபத்தேழாவது உருப்படி

1

போன செவ்வாய்க்கிழமை என் காரைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பனி வழிக்கும் வண்டி வருகிற நாளில், அது வழிக்கிற பக்கமாகவே பார்த்து நிறுத்தியிருந்தேன். ஒஹாயோவுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எந்த நாளில் எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று தெருமுனையில் பலகை இருக்கிறது. அதைப் படிக்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலமும் இருக்கிறது. படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இழுத்துப்போன வண்டிகளை ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் கம்பி வேலிக்குள் அடைத்து வைப்பார்கள். சினிமா டிக்கெட் கவுண்டர் மாதிரி ஓர் ஓட்டை, அதற்குப் பின்னால் ஒரு குண்டு மனிதர். வண்டியை விடுவதற்கு முன்னால் ஒரு தாளைத் தள்ளினார். இங்கே அப்படி ஒரு முறை. வண்டி போலீஸ் கைக்குப் போனால் உள்ளே கிடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துப் பட்டியல் போட்டுவிடுவார்கள். பிறகு நாம் வந்து “என் வைர மோதிரம் எங்கே” என்று நிற்கக் கூடாது அல்லவா.

மொத்தம் முப்பத்தோரு உருப்படி. ‘பழுப்புத் தூள், பொட்டலம் இரண்டு’ என்றிருந்தது. அது ஏற்காட்டுக் காப்பித்தூள். ‘கறுப்பு விதை, டப்பா ஒன்று’ என்றால் மிளகு. ‘துணிப்பை, மஞ்சள், புரியாத எழுத்து’ என்பது சேலத்து ஜவுளிக்கடைப் பை. நான் விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நாலு பேர் குளிரில் காலை உதைத்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன தேடுகிறாய்? தங்கமா?” என்றார் குண்டு மனிதர்.

“அதைவிடச் சின்னது” என்றேன்.

நான் இப்படிப் பட்டியல் பைத்தியமானதற்குக் காரணம் ஒரு குக்கர். பதினொரு வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போன குக்கரோடு என் கார் முதல் தடவை இழுபட்டது. குக்கர் திரும்பி வந்தது, தலையில் போடும் வெயிட் வரவில்லை. பட்டியலில் ‘பானை, மூடியுடன், ஒன்று’ என்று மட்டும்தான் இருந்தது. “பட்டியலில் இல்லாத பொருள் வண்டியில் இருந்ததே இல்லை” என்று சொல்லி ஓட்டையைச் சாத்திவிட்டார்கள். மூன்று மாதம் சோற்றை வடித்துச் சாப்பிட்டோம்.

பொருள் தொலைவது எனக்குப் புதிதும் இல்லை. இந்த நாட்டில் காலை வைத்த அன்றே என் சட்டையில் இரண்டாவது பொத்தான் கிடையாது. புறப்படும் நாளில் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் என் அக்கா. “எங்காச்சும் உழுந்திருக்கும், போ” என்று ஓர் ஊக்கைக் குத்தி அனுப்பினாள். குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்த ஊக்கைப் பார்த்த நேரம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை பட்டியலில் நான் எதைத் தேடினேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், போன மே மாதம் ஏற்காட்டில் நான் கேட்டு வாங்கிய இன்னொரு பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘கேட்டு வாங்கிய’ என்று அளந்துதான் எழுதுகிறேன். அவர்களாகக் கொடுக்கவில்லை.

2

அக்கா வாக்கப்பட்டது ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில். மச்சானுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, நிறைய முட்டிவலி. எங்கள் கோயில் வாழவந்திப் பக்கம். அந்தச் சாமிக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. சாமி சாமான் எல்லாம் அதற்குள்தான். வருஷத்தில் ஒரு நாள், திருவிழாவான நோம்பியன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் கோயிலில் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டி ஒரு வீட்டில், எங்கள் பேச்சில் ஓர் ஊட்டில் இருக்கும், சாவி வேறோர் ஊட்டில் இருக்கும். பெட்டி இருக்கும் ஊட்டார் நினைத்தாலும் திறக்க முடியாது, சாவி இருக்கும் ஊட்டார் நினைத்தாலும் முடியாது. பெட்டி வைக்கும் முறை வருஷத்துக்கு ஓர் ஊடாக மாறிவரும்.

அதற்கு விதிகள் உண்டு. பெட்டி தரையில் படக் கூடாது. வழியில் நிற்கக் கூடாது. கோயில் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் பெட்டி கொண்டுவந்த ஊட்டுக்கு அதோடு முறை போயிற்று, பேரன் காலத்திலும் திரும்பாது. அந்த முறை சாவி ஊட்டுக்குப் போய்விடும்.

பதினாலு வருஷம் காத்திருந்து அதற்கு முந்தின நோம்பியில்தான் அக்கா ஊட்டுக்கு முறை வந்திருந்தது. நான் போயிருந்தது, பெட்டியைத் திரும்பக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நோம்பி நாள். மச்சான் தலையில் சுமந்து நடப்பதுதான் வழக்கம். அவருடைய முட்டியைப் பார்த்து நான்தான் ஆரம்பித்தேன்: “எதுக்குங்க மச்சான் சிரமம்? சேலத்து நண்பன் கார் எங்கிட்ட இருக்குது. நான் கொண்டாந்து சேர்த்துடறேன். நீங்க பொங்கச் சாமானோட பஸ்ல வாங்க.”

அக்கா என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். “வழியில நிக்காம போவியா?”

“நூறு மைல் நிக்காம ஓட்டறவன் அக்கா நானு.”

“மைலு கெடக்குது. நீ நிக்காம போவியான்னு கேட்டேன்.”

நிற்காமல் நேராகப் போயிருக்கலாம். ஏற்காடு டவுன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்குக் காரணம் கூட வந்த என் மகள் மீரா என்று எழுதிவிடலாம். பதினேழு வயதான அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மறுக்கவும் மாட்டாள். ஆனால் உண்மையான காரணம் ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி. வண்டி நின்றால்தான் பெட்டி நின்ற கணக்கா, பெட்டி இருக்கைமேல்தானே இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சட்ட விளக்கமும் சொல்லிக்கொண்டேன். கடைசி நேரத்தில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பெட்டியை டிக்கியில் ஒரு ஜமக்காளத்தின் மேல் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கினோம். சின்னத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

3

திரும்பி வந்தால் கார் இல்லை. கார் நின்ற இடத்தில், சுற்றிலும் நனைந்த தாருக்கு நடுவே, ஈரமில்லாமல் ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்துகொண்டிருந்தது.

“இப்பத்தானுங்க தூக்கிட்டுப் போனாங்க” என்றார் பஜ்ஜிக்காரர். “சீசன் நேரத்துல இங்க நிறுத்தலாமுங்களா?”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க காரம் இருக்குதான்னு மட்டுந்தானுங்க கேட்டீங்க.”

ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். கார் வளாகத்தில் நின்றது. டிக்கி பூட்டியபடியே இருந்தது. மணி ஒன்று. கோயிலில் ஆறு மணிக்கு விளக்கு வைப்பார்கள். எனக்கு உயிர் வந்தது.

எஸ்.ஐ. ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். விடிந்ததிலிருந்து கூட்டத்தோடு மல்லுக்கட்டிய களைப்பு முகத்தில் இருந்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “நோ பார்க்கிங். அபராதத்தக் கட்டிட்டு வண்டிய எடுத்துக்கங்க சார்.”

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் வண்டியை எடுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்திருப்பேன். பெட்டியை யாரும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. உலகத்தில் எந்த மனிதனுக்கும் இவ்வளவு சுலபமான வழி திறந்து வைக்கப்பட்டதில்லை. நானோ, அபராதம் கட்டின ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்:

“மேடம், பட்டியல் எங்கே?”

“என்ன பட்டியல்?”

“வண்டியில் இருந்த பொருள்களின் பட்டியல். நாங்கள் இருக்கிற அமெரிக்காவில் அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டோம்.”

“ஏனுங்க சார், எதாச்சும் காணோமுங்களா?”

“பட்டியல் போட்டால்தானே தெரியும்?”

மீரா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். ஆங்கிலத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, அவங்க திறந்து பார்க்கறேன்னே சொல்லல. நீங்கதான் பார்க்கச் சொல்றீங்க” என்றாள். பள்ளிக்கூடத்தில் குடிமக்கள் உரிமை பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள். நான் கையை உதறிவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் குக்கர் வெயிட்தான் ஆடிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “கேக்கறது நியாயந்தான். ரைட்டர், ஒரு தாள் எடுங்க. சாட்சிக்கு ரெண்டு பேரக் கூப்பிடுங்க.”

4

ஸ்டேஷன் ரைட்டர் ஓய்வு பெறும் வயதை ஒட்டிய ஏட்டு. அச்சடித்தது மாதிரி கையெழுத்து. சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் வண்டியை இழுத்து வந்த டிரைவர். இன்னொருவர் பஜ்ஜிக்காரர், கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு ஆர்வமாக வந்திருந்தார்.

“இவரு எங்கடையில ஆறு பஜ்ஜி சாப்புட்டாருங்க. அதையும் எழுதோணுங்களா?”

“வண்டிக்குள்ள இருக்கறது மட்டும் போதும்” என்றார் ரைட்டர்.

முன் இருக்கையில் ஆரம்பித்தார்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு. வெயிலுக்குப் பூசும் களிம்பு ஒன்று. கொசுவுக்குப் பூசும் களிம்பு மூன்று. வயிற்றுப்போக்கு மாத்திரை இரண்டு அட்டை. “பொறந்த ஊருக்கு வந்துட்டு இத்தன மருந்துங்களா?” என்றார் பஜ்ஜிக்காரர். நான் பெருமிதத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை. அப்புறம் டிக்கியைத் திறந்தார்கள்.

மஞ்சள் துணி சுற்றி, கயிறு கட்டி, இரும்புப் பூட்டுப் போட்ட பெட்டி.

“இதுல என்னங்க?” என்றார் எஸ்.ஐ.

“தெரியாது” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகள் குறைவு. அதில் ஒன்று இப்படி அகாலத்தில் வந்து விழுந்தது. சின்ன வயதில் பெட்டி திறக்கும் நேரத்தில் நான் எப்போதும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். பிறகு ஹாஸ்டல், பிறகு ஒஹாயோ. விடுமுறைக்கு வந்ததெல்லாம் நோம்பி இல்லாத மாதங்களில். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

“உங்க வண்டி. உங்க பெட்டி. உள்ள என்னன்னு தெரியாது.”

“சாமி பெட்டிங்க மேடம்.”

“சாவி?”

“வேற ஊட்டுல இருக்குது.”

“நீங்க இருக்கறது அமெரிக்கா. எப்பங்க திரும்பப் போறீங்க?”

“திங்கக்கிழமை.”

ஒவ்வொரு பதிலும் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே அதன் லட்சணம் தெரிந்தது. பஜ்ஜிக்காரர் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். “கனத்தப் பாத்தா சிலையாட்டம் இருக்குதுங்க” என்றார், உதவி செய்கிற குரலில்.

ரைட்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “பெட்டிய உள்ள கொண்டுவாங்க. சாவி வர்ற வரைக்கும் யாரும் போகக் கூடாது. தொறந்து பாத்துத்தான் அனுப்ப முடியும்.”

இரண்டு கான்ஸ்டபிள்கள் பெட்டியைத் தூக்கிவந்து தரையில் இறக்கப் போனார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மீரா குறுக்கே புகுந்து பெட்டிக்கு அடியில் கையைக் கொடுத்தாள். “கீழே வேணாம். அத்தை சொன்னாங்க” என்றாள், அவளுடைய நொண்டித் தமிழில். பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். எஸ்.ஐ. அவளைப் பார்த்தார், சரி என்று விட்டுவிட்டார். அந்தக் கனத்தோடு மூன்று மணி நேரம் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போச்சா என்று கேட்டேன். பெட்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். கோயிலில் இருந்தார். யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு நனைந்தபடி வந்து சேர்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. “மாப்ள, நானே முட்டியோட தூக்கிட்டு நடந்திருப்பனுங்க” என்றார். அவ்வளவுதான்.

“சாவி யார்கிட்டங்க மச்சான்?”

அவர் சுவரைப் பார்த்தார். “செல்விகிட்ட.”

செல்வியின் ஊட்டுக்கும் அக்கா ஊட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேலியோரத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக்கொடி யாருடையது என்ற சண்டை. மரம் இவர்களுடையது, கொடியின் வேர் அவர்களுடையது. செல்வியின் புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போன பிறகு சாவி அவள் பொறுப்பில் இருக்கிறது. கூப்பிடும் தூரத்தில், பஜாரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறாள்.

“நீங்க கூப்புடுங்க மாப்ள” என்றார் மச்சான். “எங்கூட்டு நம்பரப் பாத்தா அவ எடுக்க மாட்டா.”

கூப்பிட்டேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “செக்-அவுட் நேரமுங்ணா. முடிச்சுப்போட்டு வர்றேன்” என்று வைத்துவிட்டாள். வரும்போது மணி நாலு.

5

லாட்ஜ் சீருடைப் புடவையில், முந்தானையில் முடிந்த சாவியோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். மச்சானைக் கண்டுகொள்ளவில்லை. மீராவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, அமெரிக்காவுல எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கிக்குவீங்களா?”

“சாவி இருக்குதா?” என்றார் எஸ்.ஐ.

செல்வி முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேஜைமேல் வைத்தாள். “இருக்குதுங்க மேடம். தொறன்னா தொறக்கறேன். தொறந்தா இவிங்க ஊட்டு முறை போயிரும். எங்கூட்டுக்கு வந்துரும்.”

“அப்ப உங்களுக்கு நல்லதுதான?”

“நல்லதுதானுங்க.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே தகரக் கூரையில் மழை கனத்தது. செல்வி சாவியை விரலால் கொஞ்சம் முன்னே தள்ளினாள், பிறகு அதன்மேல் கையை வைத்தாள். என் அக்காவின் பதினாலு வருஷம் அந்த உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தவன் நான்.

“ஸ்டேசன்ல தொறந்ததால வந்த முறைன்னு நாளைக்கு எங்கூட்டயும் சேத்துத்தான் பேசுவாங்க” என்றாள் கடைசியில். “எனக்கு அது வேண்டாமுங்க. வேலிச் சண்டைய வேலியிலயே பாத்துக்கறோம். உள்ள என்ன இருக்குதுன்னு நான் சொல்றேன். எழுதிக்கங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பெட்டி தொறந்ததும் சாவி ஊட்டார் ஒண்ணொண்ணாப் பேர் சொல்லோணும், பெட்டி ஊட்டார் எடுத்துக் காட்டோணுமுங்க. மூடறப்பவும் அதே மாதிரி. வாய்ப்பாடாட்டம் மனப்பாடம்.”

“போட்டோ, வீடியோ எதாச்சும்?”

“தொறக்கற நேரத்துல போன் எடுக்கக் கூடாதுங்க.”

நான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டிருந்த சங்கதியை இவர்கள் சாட்சியோடு, ரசீது இல்லாமல், எனக்குத் தெரியாத காலத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். ரைட்டர் புதுத் தாள் எடுத்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“வெள்ளி முகம் ஒண்ணு. வேலு ரெண்டு. சலங்க ஒரு ஜோடி. வெங்கல மணி ஒண்ணு. சங்கு ஒண்ணு. செம்பு ஒண்ணு. பட்டுத்துணி ஒண்ணு. சட்டப் பொத்தான் ஒண்ணு.”

ரைட்டர் பேனா நின்றது. “பொத்தானா? சாமிக்கா?”

“சாமிக்கு இல்லீங்க. ஊர உட்டுப் போனவங்களுது. முன்னயெல்லாம் மிலிட்டரிக்குப் போனவங்களுக்கு எதாச்சும் ஒண்ணு உள்ள போட்டு வெப்பாங்களாம். திரும்பி வந்ததும் எடுத்துக்குவாங்க. இப்ப பாக்கி இருக்கறது அது ஒண்ணுதான்.”

யாரோ பாவம், எந்த எல்லையில் நிற்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எஸ்.ஐ. பட்டியலை வாங்கி இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “வெள்ளி முகம்னு சொல்றீங்க. பாக்காம விட முடியாது. இங்க தொறக்கவும் வேண்டாம். ரைட்டர், நீங்க கூடவே போங்க. கோயில்ல தொறக்கறப்ப பக்கத்துல நின்னு சரி பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கூடினாலும் பெட்டியும் இவரும் இங்க திரும்பி வரோணும். திங்கக்கிழமை பிளேன நான் பாத்துக்கறேன்.” பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். “பட்டியல் கேட்டீங்களே சார். கையெழுத்துப் போடுங்க.”

கண்ணால் காணாத எட்டு வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

6

ரைட்டர் முன்னால், செல்வியும் மீராவும் பின்னால், பெட்டி மீரா மடியில், மச்சான் பைக்கில் பின்னாடி. மூடுபனியில் ஐந்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தபோதுகூட நான் நிறுத்தவில்லை, ஊர்ந்தே ஒதுங்கினேன். “நிறுத்துனாத்தான் என்னங்க?” என்றார் ரைட்டர். “கூடாதுங்க” என்று நானும் மீராவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அன்று மதியத்திலிருந்து அவள் எனக்கு ஒத்துப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

கோயில் வாசலில் அக்கா நின்றாள். மீராவிடமிருந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு வைத்தார்கள். ரைட்டர் ஷூவைக் கழற்றிவிட்டு, தாளும் பேனாவுமாகப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஊரே அந்தத் தாளைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. செல்வி பூட்டைத் திறந்து பேர் சொல்லச் சொல்ல, மச்சான் ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினார். வெள்ளி முகம். ரைட்டர் ஒரு கோடு போட்டார். வேல் இரண்டு. கோடு. சலங்கை. மணி. சங்கு. செம்பு. பட்டுத்துணி.

“சட்டப் பொத்தான் ஒண்ணு.”

மச்சான் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். மூலை மூலையாகத் தடவினார். கையை எடுத்து வெறுமையாக விரித்தார். ரைட்டர் பேனாவைத் தாளுக்கு மேலே அப்படியே பிடித்திருந்தார்.

“பெட்டியக் கவுத்துப் பாருங்க” என்று யாரோ சொன்னார்கள். “வண்டியில எங்க உழுந்துச்சோ” என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை, விமானம், வேலை எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அக்கா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதறவில்லை.

“பட்டு மடிப்புல பாருங்க” என்றாள். “நாந்தான் அதுல வெச்சேன்.”

மச்சான் பட்டை உதறினார். கல்மேல் டிக்கென்று விழுந்தது. இளநீலம், நாலு ஓட்டை, ஓட்டையில் இன்னும் கொஞ்சம் நூல்.

ரைட்டர் கடைசிக் கோட்டைப் போட்டு மூச்சு விட்டார். “இது யாருதுங்க?”

“அவனுது” என்றாள் அக்கா, என் பக்கம் முகத்தைக் காட்டி.

என் கை தானாகச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போயிற்று. இருபத்து மூன்று வருஷமாக இந்த ஊர் வருஷம் தவறாமல் என்னை எண்ணிக்கொண்டிருக்கிறது. முகம் ஒண்ணு, வேலு ரெண்டு, பொத்தான் ஒண்ணு. குக்கர் வெயிட்டுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் நின்று சட்டம் பேசிய நான், அந்தப் பட்டியலில் ஓர் உருப்படி.

“அஞ்சாறு தடவ வந்துட்டுப் போனனே அக்கா.”

“வந்து போறது வந்ததுல சேராது.” கல்மேல் கிடந்த பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். “எடுத்துக்கறயா? எடுத்தா வந்துட்டேன்னு அர்த்தம்.”

பொத்தான்மேல் அவள் விரல்களை மடக்கிவிட்டேன். “இருக்கட்டும் அக்கா” என்றேன்.

“தெரியும்” என்றாள். பொத்தானைத் திரும்பப் பட்டு மடிப்பில் வைத்தாள். செல்வி அவளைப் பார்த்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, “இந்தத் தடவ மடிப்புக்குள்ள வெக்காம மேலாப்புல வெய்யுங்க்கா. தேடறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு” என்றாள்.

மீரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாதி, செல்வி பாதியாக அவளுக்கு விளக்கிச் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து அத்தையிடம் போய்க் கேட்டாள்: “என்னோடது ஒண்ணு வைக்கலாமா?”

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். மூன்று மணி நேரம் பெட்டியைச் சுமந்த பெண் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “போனவங்களுதுதான் கண்ணு வெப்போம். நீ இங்கிருந்து போகலயே சாமி.”

அக்கா அதை அன்பாகத்தான் சொன்னாள். மீரா தலையை ஆட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய ஜீன்ஸில் தொடைமேல் பெட்டியின் அடிப்பலகை அழுந்திய சுவடு அப்படியே இருந்தது.

7

ஆகஸ்டில் அவள் கல்லூரிக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது மணி நேரப் பயணம். அவளுடைய குளிர்கோட்டை மடித்து சூட்கேஸில் வைத்தவன் நான். நவம்பரில் முதல் குளிருக்குப் போன் வந்தது.

“அப்பா, கோட்டுல மேல் பொத்தான் இல்ல.”

“எங்காச்சும் விழுந்திருக்கும், போ” என்றேன்.

எங்களுக்குக் கோயில் பெட்டி இல்லை. இருந்த இடம் கார்தான், பொத்தானை அதில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை கம்பி வேலி ஓரத்தில், பின்னால் நாலு பேர் முணுமுணுக்க, அந்தத் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். இருபத்தைந்து, டயர் காற்று பார்க்கும் கருவி. இருபத்தாறு, பேனா, மை இல்லாதது. இருபத்தேழு, முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையில் இருந்தது: ‘பொத்தான், கருநீலம், ஒன்று.’

“என்ன, எல்லாம் இருக்கிறதா?” என்றார் குண்டு மனிதர்.

இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் குளிரில் குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தூக்கி எறியாமல், ஒன்று என்று எழுதியிருக்கிறார்.

“இருக்கிறது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.